அரைப்புள்ளி

கோயில் திருப்பணிக்குப் புள்ளிவரி எழுத வந்த சாத்தப்பன்
என் பெயருக்கு நேரே அரை என்று போட்டார்.
ஒன்பது வருஷமாக அப்படித்தான்.
ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஒரு புள்ளி,
ஒருவர் போய்விட்டால் மிச்சம் அரை.
அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை,
பாதிப் பணம்தான் வாங்கிக்கொள்கிறார்.
ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
காப்பியில் சர்க்கரை தூக்கல் என்றார்.

அதே மேஜையில்தான் கிடந்தது
தாய்லாந்து ஓய்வு விசா விண்ணப்பம்.
ஆட்கள்: ஒன்று.
கட்டணம்: முழுசு.
முழுக் கட்டணம் கட்டுவதில் இத்தனை சந்தோஷம் இருக்குமென்று
காரைக்குடி மின்வாரியத்தில் முப்பத்துமூன்று வருஷம்
அடுத்தவர் கட்டணத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது
எனக்குத் தெரியாது.

கேட்பது கொஞ்சமில்லை.
முடக்கிய பணத்துக்கு பேங்க் மேனேஜர் கையெழுத்து,
பென்ஷன் ஆணை,
என்மேல் வழக்கு இல்லை என்று போலீஸ் சான்று.
தொழுநோய் இல்லை, யானைக்கால் இல்லை,
மேகநோய் மூன்றாம் கட்டத்தில் இல்லை என்று
ஒரு டாக்டர் எழுதித் தர வேண்டும்.
செக்காலை ரோட்டு டாக்டர் கதிரேசன்
என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட தம்பி.
மூன்றாவது வரிக்கு வந்ததும் கண்ணாடியைத் துடைத்தார்.
மறுபடி துடைத்தார்.
"அண்ணமிண்டி, இதை நான் எப்படி..."
"இல்லைன்னு எழுதுங்க.
இருந்திருந்தா ஊருக்கே தெரிஞ்சிருக்கும்."

விசாரிக்க வந்த ஏட்டு மரியசூசை
உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.
"அங்க யாரு இருக்கா? பையனா, பொண்ணா?"
"யாரும் இல்லை."
"அப்புறம் எதுக்கும்மா?"
"அதுக்குத்தான்."
எழுதுவதற்கு வேறெதுவும் கிடைக்காமல்
உறவினர் இல்லை என்று எழுதிக்கொண்டார்.

கடல் தாண்டாத வீடு எங்கள் தெருவில் கிடையாது.
ரங்கூன், பினாங்கு, சைகோன்.
வட்டிக்கு விடப் போனார்கள்,
தேக்கோடு திரும்பினார்கள்.
எந்த வேலையும் செய்ய மாட்டேன்,
ஒரு காசு சம்பாதிக்க மாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிற
முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.
அந்த வரியை மூன்று முறை படித்தேன்.
எந்த வேலையும்.
ஓர் அரசாங்கமே சொல்கிறது.

போன வருஷம் ஹுவா ஹின்னில்
டூர் கூட்டம் யானை பார்க்கப் போன மத்தியானம்
வயிறு சரியில்லை என்று பொய் சொல்லித் தங்கினேன்.
கடலைப் பார்த்த பிளாஸ்டிக் மேஜை, ஒரு இளநீர்,
உப்பும் மிளகாயும் தொட்ட மாங்காய்.
கடைக்காரி ஒரு விரலைத் தூக்கிக் கேட்டாள், ஒருத்தரா?
நானும் ஒரு விரலைக் காட்டினேன்.
அவ்வளவுதான் நடந்தது.

அதற்காக யாராவது எட்டு லட்சம் பாத் முடக்குவார்களா,
தயிர் கிடைக்குமா, ராத்திரி நெஞ்சு வலித்தால்
எந்த பாஷையில் கத்துவாய் என்கிறாள் மகள்,
பெங்களூரிலிருந்து.
நியாயமான கேள்விகள்.
விரலைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.
தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை
இந்த விலாசத்தில்தான் இருக்கிறேன் என்று
போய்ச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன்.
"என்கிட்ட அதைக்கூடச் சொல்றதில்லையே" என்றாள்.

நேற்று சென்னை ஏஜெண்ட் கூப்பிட்டார்.
"மேடம், இன்சூரன்ஸ் பாரத்துல ஒரு கட்டம் காலியா இருக்கு."
ஒரு கட்டம் காலி என்று
எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன் நான்.
காலமானால் உடலை அனுப்பவேண்டிய முகவரி.
கண்டனூர் வீட்டை எழுதப் பேனா எடுத்தேன்.
முப்பத்தாறு பங்காளிகள், எட்டுச் சாவிகள்,
பெட்டியை யார் திறந்து வாங்குவது?
அங்கேயே எரிக்கலாம் என்று எழுதினால்
மகள் படிப்பாள்.
அடுத்த வரிக்கு சாத்தப்பன் வருவார்.
ஊரில் இல்லாத அரையை
வைத்துக்கொள்வாரா, அடித்துவிடுவாரா?

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.
"நாளைக்கு ஞாயிறு, மேடம்."
"அப்ப திங்கக்கிழமை."